வயிற்றுக்குள் ஒரு வேண்டுதல் காசு

சோற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிள்ளைகள் விழுங்குவார்கள்; அப்படி விழுங்கியது உள்ளே எங்கே போய் நிற்கிறது என்று தேடுகிற இடத்தில் எனக்கு வேலை.

கொல்லிமலை மேலே ஒரு ஆஸ்பத்திரியில் நான் பணியாளர். கூட்டுவது, துடைப்பது, சீட்டு வரிசையைச் சரி பண்ணுவது எல்லாம் உண்டு. ஆனால் நாலு வருஷமாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றால், அது எக்ஸ்ரே அறைக்குத்தான். காசு, பாசிமணி, ஊக்கு என்று எதையாவது விழுங்கிவிட்டு வருகிற பிள்ளை, படம் எடுக்கும்போது அசையக் கூடாது. பெற்றவர்கள் பிடித்தால் அவர்கள் கை நடுங்கும், படமும் சேர்ந்து நடுங்கும். அதனால் ஈயக் கோட்டை மாட்டிக்கொண்டு நான் பிடிப்பேன். அப்புறம் வெளியே வந்து, டாக்டர் சொன்னதை எங்கள் மலைப் பேச்சில் அம்மாக்களுக்குத் திருப்பிச் சொல்வேன்.

இதைப் படிக்கிற அம்மாக்களில் பாதிப் பேர் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவியவர்கள்தான். மீதிப் பாதி இனிமேல் துழாவப் போகிறவர்கள். ஆகவே உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த நிமிஷம், என் சொந்த மகள் தன்ஷிகாவின் வயிற்றுக்குள் ஒரு ரூபாய்க் காசு ஒன்று இருக்கிறது. அவளுக்கு இரண்டரை வயது. இன்றைக்கு நாலாவது நாள். ஏழாம் நாள் மறுபடியும் படம் எடுப்பார்கள். இரைப்பையை விட்டு நகர்ந்திருந்தால் நல்லது. நகராமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால், கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்க வேண்டும். சும்மா இருந்தால் என் கை அவள் வயிற்றைத் தடவப் போய்விடுகிறது. அதற்குப் பேனாவைப் பிடிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நெஞ்சுக்குள் நிலா

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். மலை மேலேயே வாழவந்தி நாடு என்கிற பகுதியிலிருந்து ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாலு வயசு இருக்கும். இரண்டு ரூபாய்க் காசை விழுங்கிவிட்டான். எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரமாக ஒழுகவிட்டுக்கொண்டு நின்றான். படம் எடுக்கிற எக்ஸ்ரே அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "புள்ளையப் புடி, நீ மூச்சு விடு, அவன விடாத" என்றார். பிடித்தேன். படம் வந்தது.

அதுவரைக்கும் ஒரு மனுஷப் பிள்ளையின் உள்பக்கத்தை நான் பார்த்ததில்லை. சின்னச் சின்ன விலா எலும்புகள், மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து கூடை முடைந்த மாதிரி இருந்தன. நடுவில் சாம்பல் நிறத்தில் இதயத்தின் நிழல். அதற்கு மேலே, தொண்டைக்குக் கீழே, பௌர்ணமி நிலா மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம். காலையில் களி தின்றுவிட்டு ஓடி விளையாடின பிள்ளைக்குள் இப்படி ஒரு வானம் இருக்கிறதா என்று நான் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டேன். பையனின் அப்பாவும் என் பக்கத்தில் வந்து நின்று வெகு நேரம் பார்த்தார். அழப் போகிறார் என்று நினைத்தேன்.

"படம் நல்லாத்தாங்க வந்திருக்குது. பூவா தலையான்னுதான் தெரியல," என்றார்.

முப்பத்தெட்டாவது வளைவு

அந்தப் பையனுக்குக் காசு உணவுக்குழாயில் மாட்டியிருந்தது. இரைப்பைக்குப் போயிருந்தால் காத்திருக்கலாம், குழாயில் நின்றுவிட்டால் காத்திருக்கக் கூடாது. உடனே ஆம்புலன்சில் கீழே அனுப்பினார்கள். கூட எஸ்தர் சிஸ்டர் போனார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகியும், எழுபது கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்கிறவர். முப்பத்தெட்டாவது வளைவில் பையன் குமட்டினான். சிஸ்டர் ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவனை ஒருக்களித்துப் பிடித்தார். வாந்தியோடு காசு வண்டித் தரையில் விழுந்து உருண்டது.

டாக்டர் கேட்டுவிட்டுச் சந்தோஷப்படவில்லை. "அதிர்ஷ்டம். மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா அந்த வளைவுலயே முடிஞ்சிருக்கும். யாரும் வாந்தி எடுக்க வைக்காதீங்க" என்று அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லச் சொன்னார். நானும் வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஆனால் செய்தி எனக்கு முன்னால் மலை முழுக்கச் சுற்றிவிட்டது. பதினைந்து நாளில் ஒரு பெரியவர், பாசிமணி விழுங்கின பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சீட்டுப் போடுகிற இடத்தில் பெயர் கேட்டேன்.

"சீட்டெல்லாம் வேண்டாங்க சாமி. ஆம்புலன்சுல அந்த முப்பத்தெட்டாவது வளைவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தர்றோம்."

பதினோரு மலைவாழைப்பழம்

எங்கள் மலையில் எதை விழுங்கினாலும் வாழைப்பழம்தான் மருந்து. முள் மாட்டினால் பழம், காசு போனால் பழம், கோலிக்குண்டு போனால் இரண்டு பழம். பழம் வழுவழுவென்று இருக்கிறதால் விழுங்கினதை வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று நம்பிக்கை. ஒவ்வொரு வீட்டிலும் தார் தொங்குகிறது, கை நீட்டினால் பழம். டாக்டரோ தலையில் அடித்துக்கொள்வார். "வயிறு காலியா இருந்தாத்தான் மயக்க மருந்து குடுக்க முடியும். பழத்தக் குடுத்துட்டு வந்தா நாங்க மணிக்கணக்குல காத்திருக்கணும்" என்பார். சாப்பிட எதுவும் கொடுக்காமல் கூட்டி வாருங்கள் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

திருப்புலி நாட்டிலிருந்து ஒருத்தர் மகனைக் கூட்டி வந்தார். பையன் தகரப் பெட்டியின் சின்னச் சாவியை விழுங்கிவிட்டான். வழியெல்லாம் பழம் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். எத்தனை என்று கேட்டேன். பதினொன்று என்றார். பையன் மூச்சு விடவே சிரமப்பட்டான், சாவியால் அல்ல. படத்தில் சாவி இரைப்பையில் இருந்தது, பல் எல்லாம் எண்ணுகிற மாதிரி தெளிவாக. என்ன ஒரு அழகு என்று நான் அதிசயித்துக்கொண்டிருக்கும்போது, சீட்டுப் போடுகிறவர் மூன்றாவது தடவையாகப் பையனின் ஆதார் கார்டைக் கேட்டார்.

"ஆதார் கார்டு பொட்டிக்குள்ள இருக்குதுங்க. பொட்டிச் சாவி இவன் வயித்துக்குள்ள இருக்குதுங்க. நீங்களே சொல்லுங்க, நான் எதத் தொறக்கட்டும்?"

எனக்கு வந்த கேள்வி

இப்போது என் கதை. போன மாதம் தன்ஷிகாவுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. மாத்திரையும் கொடுத்தோம், என் வீட்டுக்காரர் குலசாமிக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து தூளிக் கயிற்றில் கட்டியும் வைத்தார். எங்கள் வழக்கம் அது. பிள்ளை தேறினதும் அந்த முடிச்சோடு போய்ச் சாமி தட்டில் அவிழ்த்து வைக்க வேண்டும். அந்தக் காசைச் செலவு பண்ணக் கூடாது, வேறு காசை மாற்றி வைக்கவும் கூடாது. காய்ச்சல் விட்டது. மிளகு பறிக்கிற நேரம், அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப் போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தேன். தன்ஷிகா வெறும் மஞ்சள் துணியைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தாள். "காசு எங்க சாமி?" என்றேன். வாயை அகலமாகத் திறந்து காட்டினாள். காலி. அப்புறம் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். எனக்குக் கையும் காலும் ஓடவில்லை என்று சொல்லலாம், ஆனால் கை ஓடியது. அது தானாகப் போய்த் தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தது, உரித்தது, அவள் வாயில் பாதியைத் திணித்தது. நாலு வருஷமாக நான் சொன்ன பேச்சு ஒன்றுகூட அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினோம். வாசலில் எஸ்தர் சிஸ்டர். முதலில் பிள்ளையைப் பார்த்தார். நன்றாக மூச்சு விடுகிறாள், எச்சில் ஒழுகவில்லை, சிரிக்கிறாள். அப்புறம் என் கையைப் பார்த்தார். மீதிப் பாதிப் பழம் இன்னும் அதில் இருந்தது.

"இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னியே, அதுல ஒரு நாளாவது நீ காது குடுத்துக் கேட்டியாடி?"

இரண்டு வட்டம்

அன்றைக்கு எக்ஸ்ரே அண்ணன் என்னைப் பிடிக்க விடவில்லை. "நீ வெளிய நில்லு, உன் கை ஆடுது" என்றார். எஸ்தர் சிஸ்டர் பிடித்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நான், என் வீட்டுக்காரர், அந்த மஞ்சள் துணி. உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது: "இரைப்பையில இருக்குது. ஒரே வட்டந்தான், காசுதான்." ஒரே வட்டம் என்று கேட்டதும்தான் எனக்கு உயிர் திரும்பியது. ஏன் என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருஷம் மழைக்காலத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு ஒரு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவர் பாறையில் ஏறித் தேன் எடுக்கிறவர். விற்பதற்கு ஒரு சின்ன எடை மிஷின் வைத்திருக்கிறார். அது கீழே விழுந்து திறந்துகொண்டது, உள்ளே இருந்த வட்டப் பேட்டரியைக் குழந்தை எடுத்து விழுங்கிவிட்டது. அவர்கள் காசு என்றுதான் நினைத்தார்கள். படத்தில் உணவுக்குழாயில் ஒரு வட்டம், அதற்குள்ளே ஓரத்தை ஒட்டி இன்னொரு வட்டம், கரை போட்ட மாதிரி. எக்ஸ்ரே அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து ஓடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். டாக்டர் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினார். அங்கே தயாராக இருக்கச் சொன்னார். "தேன் இருக்கா?" என்று கேட்டார். அவர்கள் பையில் விற்க எடுத்து வந்த தேன் இருந்தது. ஒரு வயசுக்கு மேற்பட்ட பிள்ளை, இப்போதுதான் விழுங்கியிருக்கிறது, ஆகையால் போகிற வழியில் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு கரண்டி கொடுங்கள், இதற்காக வண்டியை எங்கேயும் நிறுத்தாதீர்கள் என்றார். தேன் பேட்டரியைக் கரைக்காது, எடுக்கிறவரைக்கும் அது உள்ளே சதையைச் சுடுகிறதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

அன்றைக்கே கீழே எடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் டாக்டர் எங்களைக் கூப்பிட்டு, அதே மாதிரி ஒரு பேட்டரியை ஈரமான கோழிக்கறித் துண்டு மேல் வைத்தார். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அதன் ஓரம் கறுத்து நுரைத்தது. அரை மணி நேரத்தில் பள்ளம் விழுந்தது. நெருப்பு இல்லை, புகை இல்லை. விரல் நகம் அளவு தகடு, வாயில்லாமல் கறியைத் தின்கிறது. அன்றிலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும் நான் முதலில் தேடுவது வட்டத்துக்குள் வட்டம் இருக்கிறதா என்றுதான். ஒரு வாரம் கழித்து அந்த அம்மா குழந்தையோடு வந்தார். குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. உணவுக்குழாயில் லேசான புண், ஆறிவிடும் என்றார்கள்.

"அவரு பாறையில தொங்கும்போதெல்லாம் அந்தத் தேனத் திட்டுவனுங்க," என்றார் அந்த அம்மா. "இனிமேட்டு திட்ட மாட்டனுங்க."

சல்லடை

காசு இரைப்பையில் இருக்கிறது, பிள்ளை நன்றாக இருக்கிறது என்றால், டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வாந்தி, வயிற்றுவலி, ரத்தம், இதில் எது வந்தாலும் ஓடி வாருங்கள் என்பார். மற்றபடி மலத்தில் பாருங்கள். இந்த மற்றபடி என்கிற இடத்தில்தான் நான் வருகிறேன். பழைய சல்லடை ஒன்று, கையுறை ஒரு ஜோடி, ஒரு குடம் தண்ணீர். எப்படி அலசுவது என்று சைகையிலேயே காட்டுவேன். முகம் சுளிக்கிற அம்மாக்களிடம், "பெத்தவங்களுக்கு இதெல்லாம் நாத்தமே இல்லீங்க" என்பேன். இப்போது தெரிகிறது, இருக்கிறதுங்க. எங்கள் வீட்டு மாவுச் சல்லடை இனி அடுப்படிக்குத் திரும்பப் போவதில்லை.

இப்படி அனுப்பின ஒரு அம்மா மூன்றாம் நாள் திரும்பி வந்தார். முகம் சரியில்லை. காசு வரலீங்களா என்றேன். வந்துவிட்டதாம். காசோடு கூட, சின்னதாக மஞ்சளாக ஒன்றும் வந்திருக்கிறது. பார்த்தால் அவருடைய தங்கத் தோட்டின் திருகாணி. பத்து நாளைக்கு முன்னால் காணாமல் போனது. காசுக்குப் பின்னால் மறைந்திருந்ததோ என்னவோ, படத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. ஒரு பிள்ளை வயிறு என்றால் எவ்வளவு பெரிய பெட்டகம் என்று நான் வியந்துபோனேன். கிடைச்சிருச்சே, சந்தோஷம்தானே என்றேன்.

"என்னங்க சந்தோஷம். அத எடுத்தது நாத்தனாதான்னு பத்து நாளா அவகிட்டப் பேசாம இருக்கறேன். காசு, திருகாணி எல்லாங் கெடக்கட்டும், இப்ப எந்த மூஞ்சியோட அவ ஊட்டுக்குப் போறது?"

நல்லா அழு

விழுங்குவது ஒன்று, புரையேறி அடைப்பது வேறு. விழுங்கின பிள்ளை அழும், பேசும், ஓடும். அடைத்துக்கொண்ட பிள்ளை சத்தமே போடாது. அந்த அமைதிக்குத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பயப்படுவேன்.

மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஏறி வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா, மடியில் பத்து மாதக் குழந்தை. அந்த அம்மா வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார். திடீரென்று குழந்தை தலையைப் பின்னால் சாய்த்தது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. உதடு நீலமாகிறது. அந்த அம்மா வாய்க்குள் விரலை விடப் போனார். கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவினால் இன்னும் உள்ளேதான் போகும். நான் பிள்ளையைப் பிடுங்கினேன். முன்னங்கை மேல் குப்புறப் போட்டு, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலை கீழே சாய்ந்திருக்கிற மாதிரி வைத்து, இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் உள்ளங்கையால் தட்டினேன். மெதுவாக அல்ல. பின்னால் ஒருத்தர் எழுந்து, "ஏம்மா, பச்சப் புள்ளயப் போட்டு அடிக்கறே" என்று என் தோளைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்கத் தட்டினேன். ஐந்து தட்டிலும் வராவிட்டால் திருப்பிப் போட்டு நெஞ்சில் அழுத்த வேண்டும். அதற்கு வேலை வைக்காமல், நாலாவது தட்டில் அரைக் கடலை என் செருப்பு மேல் வந்து விழுந்தது.

அப்புறம் குழந்தை வீறிட்டு அழுதது. பஸ் முழுக்க அந்த அழுகைதான். டிரைவர்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நீலம் போய் உதட்டுக்குச் சிவப்பு ஏறுவதை நான் கண்ணால் பார்த்தேன். விடிகிறபோது கிழக்கே நிறம் மாறுமே, அந்த மாதிரி. என் தோளைப் பிடித்து இழுத்தவர் குழந்தையைச் சமாதானப்படுத்த பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். அந்த அம்மா அவர் கையைத் தள்ளிவிட்டார்.

"ஒன்னும் வேண்டாங்க, அழுவட்டும். இன்னுங் கொஞ்சம் அழு சாமி. நல்லாச் சத்தமா அழு."

பேளுக்குறிச்சி வந்தாச்சு

இதுவரை நாலாம் நாள் எழுதினது. அதற்கு மேல் எழுத முடியவில்லை. ஐந்தாம் நாள் சல்லடையில் ஒன்றுமில்லை, ஆறாம் நாள் ஒன்றுமில்லை. தன்ஷிகா தின்றாள், தூங்கினாள், பூனையைத் துரத்தினாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மலையில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. பால் ஊற்ற வந்தவர் கேட்டார், "வந்துருச்சுங்களா?" கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது கேட்டார். பேட்டரிப் பிள்ளையின் அம்மா தேன் புட்டியோடு வந்து கேட்டார். ஒரு ரூபாய்க்கு இத்தனை சொந்தக்காரர்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

ஆறாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம், "வேற ஒரு ரூவா முடிஞ்சு வெச்சர்லாமுங்க, எதுக்கு வம்பு" என்றேன். அவர் மிளகைச் சாக்கில் அள்ளிக்கொண்டே, "சாமிக்குச் சொன்னது அந்தக் காசுதான் புள்ள. போறேன் போறேன்னு நாம போகல. அதான் அது உள்ள போய் உக்காந்துக்கிச்சு" என்றார். "அப்படியெல்லாம் இல்லீங்க, நீங்க முடிச்ச சரியாப் போடல" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மிளகு அள்ளின கை அப்படியே நின்றது. அப்போதுதான் தெரிந்தது, அவரும் என்னைப் போலவே பயந்துபோய்தான் இருக்கிறார் என்று.

ஏழாம் நாள் காலை. கீழே போக வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று துணிப்பையில் இரண்டு கவுன், ஒரு துண்டு, அவளுடைய ஆதார் கார்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டோம். பழம் கொடுக்கவில்லை, தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இந்தத் தடவை நானே பிடிக்கிறேன் என்றேன். ஈயக் கோட்டு மாட்டிக்கொண்டேன். கை ஆடவில்லை. தன்ஷிகா என் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். "அசையாத கண்ணு, உனக்குள்ள நெலா இருக்குது, படம் புடிக்கறாங்க" என்றேன். நின்றாள்.

படம் வந்தது. இரைப்பை இருக்கிற இடத்தை முதலில் பார்த்தேன். ஒன்றுமில்லை. கண்ணைக் கீழே இறக்கினேன். இடுப்பெலும்புக் கிண்ணத்துக்குள், அடியில், அதே வெள்ளை வட்டம். ஒரு பிள்ளையின் குடல் எத்தனை முழம் நீளம் என்று எஸ்தர் சிஸ்டர் முன்பு கையை நீட்டி நீட்டிக் காட்டியிருக்கிறார். அத்தனை முழமும் வளைவு. ஒரு வளைவில்கூட அந்தக் காசு முட்டி நிற்கவில்லை. வழி சொல்ல ஆள் இல்லை, வெளிச்சம் இல்லை, பலகையில் நம்பர் எழுதி வைக்கவில்லை. இவள் பூனையைத் துரத்திக்கொண்டிருக்கிறாள், உள்ளே குடல் அதன் பாட்டுக்கு அந்தக் காசைப் பக்குவமாக உருட்டி உருட்டி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எக்ஸ்ரே அண்ணன் பேனா நுனியால் அந்த வட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எழுபது வளைவும் எறங்கிருச்சு. இப்பப் பேளுக்குறிச்சியில நிக்குது. சந்தையப் பார்த்துட்டு ஊடு வந்து சேர்ந்துரும், போ."

தட்டும் உண்டியலும்

அன்றைக்கு மத்தியானமே வந்தது. சல்லடையில் டக்கென்று ஒரு சத்தம். ஏழு நாளாக அந்தச் சத்தத்துக்காகத்தான் என் காது காத்திருந்தது. காசு கறுத்துப்போயிருந்தது, மற்றபடி ஒரு கீறல் இல்லை. கீறல் இல்லாமல் இருந்தது என் மகளும்தான். சோப்புப் போட்டுக் கழுவினேன். புளி போட்டுத் தேய்த்தேன். வெந்நீரில் போட்டேன். மறுபடியும் புளி. என் வீட்டுக்காரர் அதை வாங்கிப் புது மஞ்சள் துணியில் முடிந்தார். இந்தத் தடவை மூன்று முடிச்சு.

மறுநாளே மூன்று பேரும் குலசாமி கோயிலுக்குப் போனோம். மிளகு கொடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பூசாரி தட்டை நீட்டினார். என் வீட்டுக்காரர் முடிச்சை அவிழ்த்தார். சும்மா வைத்துவிட்டுக் கும்பிட்டிருக்கலாம். ஆனால் அவர் பொய் சொல்லத் தெரியாதவர், சாமி முன்னால் சொல்லவே மாட்டார். ஏன் இவ்வளவு தாமதம் என்று பூசாரி கேட்டது ஒரு வார்த்தைதான். இவர் ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பித்துச் சல்லடை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். பூசாரி கண்ணை விரித்துக்கொண்டு கேட்டார். தன்ஷிகாவைக் கிட்டே கூப்பிட்டு அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசினார். உள்ளே இத்தனை நாள் இருந்து பத்திரமாக வந்தது என்றால் அது சாமி காத்த காசுதான், இதைவிடப் பெரிய காணிக்கை இந்தக் கோயிலுக்கு வந்ததில்லை என்றார். எங்களுக்கு மனசு நிறைந்துபோனது. என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் காசை ஏந்தித் தட்டுக்குக் கொண்டுபோனார். தட்டு மெல்லப் பின்னால் நகர்ந்தது.

"தட்டுல வேண்டாங்க சாமி," என்றார் பூசாரி. "நேரா உண்டியல்ல போட்டுருங்க."

பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று இனி என் மகளிடம் நான் பெருமை பேச வழியில்லை. ஏழு நாள் ஒரு ரூபாயைச் சுமந்து, ஒரு முனகல்கூட இல்லாமல் அவளும் பெற்றுக் கொடுத்துவிட்டாள்.